துண்டுக்குள் போன சென்டர் ஃபார்வர்டு

எங்கள் மில்லின் எச்.ஆர். தம்பி போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது டைம் ஆபீஸ் என்று ஒன்று கிடையாதாம். வாசலில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். அதில் விரலை வைத்தால் கீச்சென்று கத்தி, வந்த ஆள் யாரென்று சொல்லிவிடுமாம். நான் காலமெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை அது சம்பளமில்லாமல் செய்கிறது. நடுவில் வெற்றிலை போட வெளியே போவதும் இல்லை. நல்லது, மகராசனாக இருக்கட்டும்.

தம்பி வந்த காரியம் வேறு. மில்லுக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். 'நம் ஆலையில் விளையாட்டு வளர்ந்த வரலாறு' என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். அந்த நேரம் பார்த்து டிவியில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி அதை வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் இல்லீங்களேய்யா. எல்லாம் இப்ப வந்த புதுசு" என்றார்.

"ஏலம் இல்லீங்க தம்பி. நாங்க மாத்துப் போட்டோம்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. சந்தையில் மாட்டுக்கு மாடு மாற்றிக்கொள்வதைத்தான் எங்கள் பக்கம் மாத்து என்போம் என்று சொன்னேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மலரில் போடுவார்களா என்பது சந்தேகம். அவர்கள் கேட்டது விளையாட்டு வளர்ந்த வரலாறு. என்னிடம் இருப்பது அதை அடக்கம் பண்ணிய வரலாறு.

நான் எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் இருந்த நூல் மில் அது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர் என்ற என் மகத்தான தகுதிகளைப் பார்த்து டைம்கீப்பர் வேலை கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெறும்முன் எனக்குப் பயிற்சி கொடுத்தார். சங்கு ஊதினபிறகு கேட்டைத் திறக்காதே, முதலாளி வரும்போது உட்கார்ந்திருக்காதே. பயிற்சி முடிந்தது.

வேலை இதுதான். கேட்டுக்கு உள்ளே ஒரு பலகை. பலகை நிறைய ஆணி. ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, வில்லையில் நம்பர். உள்ளே வருகிற தொழிலாளி தன் வில்லையைக் கழற்றி என் முன்னால் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகவேண்டும். சங்கு ஊதி அடங்கியதும் பெட்டியை மூடுவேன். யாருடைய வில்லை பலகையில் மிச்சம் தொங்குகிறதோ அவர் அன்றைக்கு வரவில்லை. அந்த இடத்துக்குப் பதிலி ஆளை எடுக்கவேண்டும்.

பதிலிகள் விடிந்ததும் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்து கேட்டுக்கு வெளியே வேலியோரமாக நிற்பார்கள். உள்ளே இருப்பவன் எவனுக்காவது காய்ச்சல் வந்தால்தான் இவர்களுக்குக் கூலி. நான் வெளியே போய், வேண்டிய ஆட்களை மட்டும் கையைக் காட்டிக் கூப்பிடுவேன். மற்றவர்கள் போசியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்புவார்கள். ஒரு பதிலி சேர்ந்தாற்போல இத்தனை நாள் வேலை செய்தால் அவனைப் பர்மனெண்ட் ஆக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. சட்டம் இருந்த காரணத்தால், அந்த நாள் நெருங்குகிற சமயம் பார்த்து, "கொஞ்ச நாள் ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடு சாமி" என்று சொல்லி அனுப்புகிற கருணையும் எங்கள் மில்லில் இருந்தது.

அந்தக் கருணைக்குச் சொந்தக்காரர் எங்கள் முதலாளி. அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோட்டத்தில் காங்கேயம் காளைகள் கட்டியிருந்த குடும்பம். பருத்தி விளைந்த காட்டிலேயே மில் கட்டினார். நாற்காலியில் உட்காரமாட்டார். நடந்துகொண்டே இருப்பார். கையில் எந்நேரமும் ஒரு சிமிட்டா, சிட்டிகையளவு, பஞ்சு இருக்கும். நாம் பேசப் பேச, இரண்டு கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதை இழுத்து இழுத்து, இழை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். நம் முகத்தைப் பார்க்கமாட்டார். நாம் சொல்லி முடித்ததும் பஞ்சைக் கீழே ஊதிவிட்டால், காரியம் இல்லை என்று அர்த்தம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், "பாக்கலாம்" என்று அர்த்தம். "ஆகட்டும்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் மில்லில் மூன்று பேர் இருந்ததாகச் சொல்வார்கள். மூன்று பேரும் அவருடைய மாப்பிள்ளைகள்.

இந்தியா ஹாக்கியில் உலகக் கோப்பை வாங்கியது அல்லவா, அந்தச் செய்தி பத்திரிகையில் படத்தோடு வந்த காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனப்பா கைலாசம், நீ சேலத்துலதான படிச்சே? இந்த ஆட்டம் தெரியுமா?"

பள்ளிக்கூடத்தில் ஹாக்கி மைதானத்துக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. சைக்கிள் எடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். "தெரியுமுங்க" என்றேன். அன்றைக்கே நான் டீம் மேனேஜர் ஆகிவிட்டேன். இன்றைக்கு டீம் மேனேஜர் ஆவதற்கென்றே காலேஜில் போய்ப் படிக்கிறார்களாம்.

டீம் சேர்த்தோம். யார் கையில் எது கிடைத்ததோ அப்படித்தான் சேர்த்தோம். கோலியாக ரிங் ஃப்ரேம் ஃபிட்டர் குப்புசாமியைப் போட்டோம். அவருடைய தகுதி, ஆள் அகலம். நின்றால் கோல் வாசலில் பாதி அடைபட்டுவிடும். ஒரே குறை, பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணு போனா மறுபடி வருமாங்க?" என்று என்னைத் திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கோலிக்கு உரிய கேள்வி இல்லை.

அப்படியிருந்த டீமில்தான் அங்கமுத்து வந்து சேர்ந்தான்.

அவன் அப்பா சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிற வேலை பார்த்தவர். பையன்கள் உடைத்துப் போட்ட மட்டைகளைக் கம்பி கட்டி வைத்துக்கொண்டு இவன் ஆடியிருக்கிறான். ஒடிசலாக இருப்பான். பேசவே மாட்டான். பதிலி வரிசையில் கடைசியில் நின்றவனை, டீமுக்கு ஆள் குறைகிறதே என்று நான்தான் கூப்பிட்டேன். முதல் நாளே அவனை சென்டர் ஃபார்வர்டாகப் போட்டோம். குனிந்து ஓடுவான். பந்து மட்டையை விட்டு விலகாது. எதிரே ஆள் வந்தால் நின்றுவிடுவான். வந்தவன் தன் வேகத்திலேயே தாண்டிப் போய்விடுவான். இவன் மறுபடி நடக்கிறாற்போலப் போய் கோல் போட்டுவிட்டு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்புவான். கை தூக்கமாட்டான், கத்தமாட்டான். எனக்கு ஹாக்கி பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதற்குமுன் மேனேஜராக இருந்தது வேறு கணக்கு.

மூன்று நான்கு வருடத்தில் அங்கமுத்து பெயர் சேலம், ஈரோடு பக்கமெல்லாம் பரவிவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்து பார்த்தார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. அவனைத் தோளில் தட்டி, "கப்பு ஒண்ணு வாங்கிக் குடு சாமி, உன்னயப் பர்மனெண்ட் பண்ணிப்போடறேன்" என்று மைதானத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் 'சாமி' என்று கூப்பிட்டால் நமக்கு ஏதோ குறையப்போகிறது என்று நான் தெரிந்து வைத்திருந்தேன். அங்கமுத்துவுக்கு அது தெரியாது.

ஏனென்றால் ஒரு சங்கதி இருந்தது. ஆட்டத்துக்குப் போகிற நாளில் பர்மனெண்ட் ஆட்களுக்கு ஆன் டூட்டி. சம்பளமும் உண்டு, வேலை நாளாகவும் எழுதிக்கொள்வோம். பதிலிக்கு அது கிடையாது. அவன் மில்லுக்காக ஓடி கோல் போட்ட நாளெல்லாம் அவன் கணக்கில் வேலைக்கு வராத நாள். ஆக, கோல் போடப் போட அவனுடைய பர்மனெண்ட் தள்ளித் தள்ளிப் போனது. டீமிலேயே குறைவாக வேலை நாள் வைத்திருந்தவன் எங்கள் ஸ்டார் ஆட்டக்காரன்தான். நான் முதலாளியிடம் இதைச் சொன்னேன். பஞ்சை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"வெளையாடப் போனவனுக்கு எப்படியப்பா வேலைன்னு எழுதறது? சாமி குத்தம் ஆயிராது?"

ஊதிவிட்டார்.

அவனுக்கு அதற்குள் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. இருந்தது என்றால் ராசிபுரத்தில், மாமனார் வீட்டில். பதிலி மாப்பிள்ளை ஒரு வாரம் கூலியோடும் ஒரு வாரம் வெறுங்கையோடும் வருவதைப் பார்த்த மாமனார், பிரசவத்துக்கு வந்த மகளை அனுப்பவே இல்லை. "பர்மனெண்ட் ஆனதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள. மருவாதிக் கொறைவா நெனைக்காதீங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். குழந்தைக்குப் பல் முளைத்ததையும் அவன் பஸ் ஏறிப் போய்த்தான் பார்த்துவிட்டு வந்தான்.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்தில் கோடைகால டோர்னமெண்ட். இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதியது ராசிபுரம் பக்கத்து சேகோ ஃபேக்டரி டீம். அந்த சேகோ முதலாளி மரவள்ளிக் கிழங்கு அரைத்து ஜவ்வரிசியாக்கிச் சம்பாதித்ததில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்குப் பாலும் முட்டையுமாகக் கொட்டியிருந்தார். அங்கமுத்து மூன்று கோல் போட்டான். குப்புசாமி நாலு முறை கண்ணை மூடினார். கப்பு ராசிபுரம் போனது.

அடுத்த வாரமே சேகோ முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. அங்கமுத்துவைக் கொடுத்துவிடுங்கள்; பதிலுக்கு எங்கள் கோலி, ஃபுல்பேக் ஒருவன், லெஃப்ட் இன் ஒருவன், மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. முதலாளி என்னைக் கூப்பிட்டார். நடந்துகொண்டே பேசினார், நானும் பின்னால் நடந்துகொண்டே கேட்டேன்.

"ஒண்ணைக் குடுத்தா மூணு வருது. என்ன சொல்றே?"

"மூணும் ஒண்ணும் ஒண்ணாகுங்களா? அவனாட்டம் ஆடறதுக்கு இந்த ஜில்லாவுல ஆளில்லீங்க."

"ஆளில்லைன்னா கப்பு எங்கப்பா? மூணு மாடு கட்டினா, ஒண்ணும் உழவலீன்னாலும் சாணியாச்சும் மூணு மாட்டுச் சாணி விழுகுமல்ல?"

சாணியை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பற்றி நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். கோபம் வந்தாலும் கணக்கு கணக்குதான். எங்கள் டீமில் கோல் போட ஆள் இருந்தது, தடுக்க ஆள் இல்லை. அந்த சேகோ கோலி, கோலுக்கு முன்னால் இருக்கும் 'டி' வளையத்துக்குள் பந்து வந்தால் பாம்பைப் பார்த்த கீரி. அந்த ஃபுல்பேக் அடித்தால் பந்து மைதானத்தின் அந்தப் பாதியில்தான் போய் நிற்கும். அங்கமுத்து இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு ஒரு கோல்தான் போடுவோம். ஆனால் ஒன்றும் வாங்கமாட்டோம். டீமாகப் பார்த்தால் சேகோ முதலாளிதான் ஏமாளி. மாத்துப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் சேகோ ஃபேக்டரி வருடம் முழுக்க ஓடாது. கிழங்கு வருகிற சீசனில்தான் ஓட்டம். சீசன் முடிந்தால் ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அங்கே பர்மனெண்ட் என்ற பேச்சே இல்லை. இங்கே அவன் கேட்டில் காய்ந்த வருடங்களெல்லாம் அப்படியே தண்ணீரில் போகும். ராசிபுரத்து மாமனாருக்கு சேகோ ஃபேக்டரி லட்சணம் வீட்டு வாசலிலேயே தெரியும்.

"டீமுக்கு நல்லதுங்க. ஆளுக்கு நல்லதில்லீங்க" என்றேன்.

முதலாளி நின்றார். அபூர்வமாக என் முகத்தைப் பார்த்தார். "நான் டீமைப் பத்தித்தானப்பா கேட்டேன்?"

"அவன் பொண்டாட்டி பிள்ளை..."

"அதுவும் ராசிபுரந்தானப்பா! பொண்டாட்டி ஊருக்கே போறான். அவனுக்கென்ன நோவுது?" என்று சொல்லிப் பஞ்சைக் கீழே ஊதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாத்து என்று சேகோ முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் அன்றைக்கு ஷிப்ட் முடிகிற நேரத்தில் அங்கமுத்துவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வேலியோரம் உட்கார்ந்து கேட்டான்.

"மொதலாளி அல்லார்த்து முன்னாலயும் சொன்னாருங்களே, சார்."

"கப்பு வாங்கினாத்தான்னு சொன்னாரப்பா."

"கப்பை நான் ஒருத்தன் எப்படிங்க வாங்கறது?" என்றான். போசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்னிக்குங்க மாத்து?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மில் மைதானத்தில் திருவிழாக் கூட்டம். ஷிப்ட் இல்லாதவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சேகோ முதலாளி வேனில் வந்து இறங்கினார். பின்னால் மூன்று ஆட்டக்காரர்களும் பெட்டி படுக்கையோடு இறங்கினார்கள். எங்கள் முதலாளி தன் பக்கத்துக்கு ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார். வேறு யாருமில்லை, அவருக்குக் காளை பிடித்துக் கொடுக்கிற மாட்டுத் தரகர் நாச்சிமுத்து. நான் மேனேஜர், என்னைக் காபி சொல்லச் சொன்னார்.

நாச்சிமுத்து தரகர் தோளில் பச்சைத் துண்டோடு மூன்று பேரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நடக்கவிட்டுப் பார்த்தார். ஃபுல்பேக்கின் கெண்டைக்காலை அமுக்கினார். அவன் நெளிந்தான். "கூச்சம் இருக்குதுங்க, மத்தபடி குத்தமில்லை" என்றார். கோலியைக் குனியச் சொல்லி உச்சந்தலையைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"ரெட்டைச் சுழிங்க மொதலாளி. கட்டற பட்டி ரெண்டாப் போகும்."

"ஏனுங்க தரகரே, அவன் பந்தைத் தடுக்க வந்தவனுங்க. சுழியில என்னங்க இருக்குது?" என்று சேகோ முதலாளி சத்தம் போட்டார்.

"எனக்கென்னங்க, இருக்கறதைச் சொன்னேன். சுழிக்கு ஒண்ணு எச்சாக் கேக்கறது சந்தை வழமைங்க."

கோலி பாவம், குனிந்தபடியே நின்றான். நிமிரச் சொல்ல அவனுக்கு யாரும் இல்லை.

பிறகு துண்டு விரித்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசமாட்டார்கள். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஒத்துக்கொண்டால் முழுக் கையையும் சேர்த்துப் பிடிப்பார்கள். பேரம் படிகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருக்கு வியாபாரம் இல்லை. துண்டுக்குள் கொடுத்த வார்த்தையை மீறினவனுக்கு அப்புறம் எந்தச் சந்தையிலும் யாரும் கை கொடுக்கமாட்டார்கள்.

இரண்டு முதலாளிகளும் கை கோத்தார்கள். எங்களவர் நாலாவது ஆளைக் கேட்கிறார், அவர் மூன்றில் நிற்கிறார் என்பது தோள் அசைவிலேயே தெரிந்தது. அங்கமுத்து மட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தான். அப்போது எங்கள் முதலாளி அவனைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்:

"கைலாசம், மட்டையை வாங்கி உள்ள வெச்சுரு. மாட்டைக் குடுத்தாலும் கயித்தைக் குடுக்கற பழக்கம் எங்கூட்டுல இல்லை."

சிரிப்பு எழுந்தது. உண்மையில் அது வழக்கம்தான். மாட்டை விற்பவர்கள் தங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். நான் அங்கமுத்து பக்கம் போனேன். அவன் மட்டையை என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு நேராகப் போய், இரண்டு முதலாளிகளுக்கும் நடுவில் நின்று, தன் கையைத் துண்டுக்குள் விட்டுவிட்டான்.

சேகோ முதலாளி நெருப்பைத் தொட்டவர் போலக் கையை உருவிக்கொண்டார். "என்னங்க இது, என்னங்க இது!" என்றார். எங்களவர் முகம் சிவந்துவிட்டது. "எடுடா கையை!" என்றார். ஆனால் தன் கையை அவர் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. அங்கமுத்து பிடித்திருந்தான்.

எல்லோரும் தரகரைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து தரகருக்கு மில்லும் தெரியாது, ஹாக்கியும் தெரியாது. சந்தை ஒன்றுதான் தெரியும். அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாராமல் தீர்ப்புச் சொன்னார்.

"கையை உருவினவங்களுக்கு யாவாரம் இல்லீங்க. இப்பக் கை குடுத்திருக்கறவனோடதான் மொதலாளி பேசி முடிக்கோணும். இல்லாட்டி மொதலாளி கையை எடுத்துக்கோணும். எடுத்தா, மொதலாளி யாவாரத்துல கையை உருவிட்டாருன்னு நாளைக்குச் சந்தையில நாலு பேரு பேசுவாங்க."

எங்கள் முதலாளி தொழிற்சங்கத்துக்கு அஞ்சவில்லை, லேபர் ஆபீசருக்கு அஞ்சவில்லை. சந்தையில் நாலு பேர் பேசுவார்கள் என்றதும் கை அப்படியே நின்றது. துண்டுக்குள் ஒரு அசைவு தெரிந்தது.

"என்ன ஒத்தை வெரலைப் பிடிக்கிறே? என்ன ஒண்ணு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு வேலைங்க மொதலாளி. பர்மனெண்ட்டா."

"மாடு எந்தக் காலத்துலடா வெலை பேசுச்சு?"

"மாட்டுக்கு வாயில்லீங்க. எனக்கு இருக்குதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மைதானத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். இடது கை பஞ்சைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கண்ணில் அது தெரிந்தது. வியாபாரி அல்லவா, கொடுக்கிற இடத்திலும் ஒன்றைப் பிடுங்காமல் இருப்பாரா?

"சரி. வேலை தாரேன். ஆனா ஆட்டம் கெடையாது. இனிமே எந்த டீமுலயும் மட்டையைத் தொடக்கூடாது. தொட்டேன்னு கேள்விப்பட்டா அன்னிக்கே கேட்டுக்கு வெளிய. முடியுமா? முடியாதுன்னா கையை எடு."

இவன் ஆட்டத்தை விடமாட்டான் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். கையில் அவன் மட்டையை வைத்துக்கொண்டு, 'ஒத்துக்காதே, ஒத்துக்காதே' என்று மனசுக்குள் கத்தினேன். எனக்கு அவன் வேலையும் வேண்டியிருந்தது, ஆட்டமும் வேண்டியிருந்தது. எனக்கென்ன, இரண்டுக்கும் விலை கொடுப்பவன் அவன்.

அவன் யோசிக்கவே இல்லை. துண்டு ஒரு முறை அசைந்தது. "படிஞ்சுதுங்கோ!" என்று தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். முதலாளியின் கை அவன் கைக்குள் இருந்ததைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது.

சேகோ முதலாளி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேனில் ஏறினார். மூன்று பேரும் இறக்கிய பெட்டியை மறுபடி ஏற்றினார்கள். மறுநாளே அங்கமுத்துவுக்கு ஆர்டர் டைப் ஆனது. நான்தான் டைப் அடித்தேன். பலகையில் புதிதாக ஆணி அடித்து அவன் வில்லையை மாட்டினேன். முதலாளியைக் குறை சொல்லக் கூடாது, துண்டுக்குள் சொன்னதைக் காப்பாற்றினார். அந்த மனிதரிடம் சட்டத்துக்குக் கிடைக்காத மரியாதை துண்டுக்குக் கிடைத்தது.

அடுத்த கோடையில் டோர்னமெண்ட் வந்தது. அங்கமுத்து இல்லாமல் போனோம். முதல் ஆட்டத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். குப்புசாமி கண்ணைத் திறந்த நேரமே குறைவு. அதோடு முதலாளி டீமைக் கலைத்தார். விளையாட்டு வளர்ந்த வரலாறு இங்கே முற்றிற்று.

தோற்றுத் திரும்பிய மறுநாள் நான் டைம் ஆபீசில் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஷிப்டுக்கு அங்கமுத்து வந்தான். முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மனைவியும் குழந்தையும் அவனோடு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்படத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. அவன் கோல் போட்ட பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பி வருவதுதான் நினைவில் நின்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஏனப்பா அங்கமுத்து, அப்பேர்ப்பட்ட ஆட்டம். ஒரு நிமிசம்கூட ரோசனை பண்ணாம உட்டுட்டியே. நேத்து அங்க நாங்க அவமானப்பட்டு நிக்கறோம். வெளையாட்டை உட்டதுல உனக்குக் கொஞ்சங்கூட வெசனம் இல்லையா?"

அவன் வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் என்ன கேட்கிறேன் என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நான் எப்பங்க சார் வெளையாடினேன்?" என்றான். "இத்தனை வருசமா வேலைக்கு மனுப் போட்டுக்கிட்டு இருந்தேனுங்க."

சங்கு ஊதியது. வில்லையைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனான்.